எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

அத்தியாயம் 9

வேலைக்குப் போகாமல் வாசலில் நின்ற மேஸ்திரியைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை, வீட்டில் கொஞ்சம் கைவேலை இருக்கிறது என்று மேஸ்திரி சொல்லிவைத்தார். அது பொய்யும் இல்லை. வீட்டுக்குள் ஒரு சுவரை நிறுத்த வேண்டியிருந்தது.

சுவர் என்றால் நிஜச் சுவர் இல்லை. ஆளுயரப் பலகை ஒன்று. அதில் அவர் கையாலேயே ஒட்டிய வெள்ளை டைல்ஸ். எந்தெந்த வீட்டிலோ தளம் போட்டது போக மிஞ்சியவை. பூசாத செங்கல்லை மறைத்து அந்தப் பலகையைச் சாத்தி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் முகம் காட்டிப் பேசினால், பேசுகிற ஆள் ஏதோ வசதியான வீட்டுக்குள் இருப்பதுபோலத் தெரியும்.

மூன்று தடவை அப்படித்தான் தெரிந்தது. அந்த மூன்று தடவையிலும் எதிர்ப்பக்கம் இருந்த டாக்டர் அதை நம்பினார். மேஸ்திரியின் மனைவி மேஸ்திரியம்மாவுக்கு இப்போது வலது கண் இல்லை.

ஊரெல்லாம் தளம் ஒட்டிய மனிதரின் வீட்டில் இன்னும் சிமெண்டுத் தரைதான். அவர் ஒட்ட, அவள் கலவை சுமக்க, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியாயிற்று. பெரியவன் கடல் தாண்டிப் போய் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. மருமகளையும் பேத்தியையும் மேஸ்திரியம்மா போனில் பார்த்ததோடு சரி. சின்னவள் துணிக்கடையில் அளவெடுக்கிறாள்.

மனை ஒன்றில் புதர் வெட்டும்போது ஒரு முள்குச்சி சொடுக்கென்று மேஸ்திரியம்மாவின் கண்ணில் அடித்தது. இரண்டு நாளில் கண் சிவந்தது. பெரியவன் பதறிப்போனான். அவன் இருக்கும் நாட்டில் போனிலேயே டாக்டரைப் பார்க்கலாம், தமிழ் பேசுகிற கண் டாக்டரே இருக்கிறார் என்றான். ஒரே ஒரு சிக்கல். அந்த நாட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்த வசதி. அதனால் தன் விலாசத்தில் அம்மா பேரைப் பதிந்தான். டாக்டர் எடுத்ததும் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார், மகன் வீட்டில் என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான் என்றான்.

போனில் யார்தான் அதைக் கேட்பதில்லை? யார்தான் அதற்கு நேராகப் பதில் சொல்கிறார்கள்? குளித்துக்கொண்டே இதோ தெருமுனைக்கு வந்துவிட்டேன் என்பவர்கள்தான் எல்லாரும். அந்தக் கேள்வியில் ஒரு நாட்டின் சட்டமே உட்கார்ந்திருக்கிறது என்று மேஸ்திரிக்கு யார் சொன்னார்கள்?

டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். மகன் அதைப் படம் பிடித்து அனுப்பினான். இங்கே மருந்துக்கடையில் கிடைத்தது. போடப் போட எரிச்சல் குறைந்தது, பார்வையும் குறைந்தது. கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, இது நல்ல மருந்துதான், ஆனால் குச்சி குத்தி வந்த புண்ணுக்கு இது ஆகவே ஆகாது, புண்ணுக்குத் தீனி போட்டுவிட்டீர்கள் என்று அங்கே சொன்னார்கள்.

புகார் கொடுக்கப் போனால், அந்த டாக்டர் எங்கள் பதிவேட்டிலேயே இல்லை, இல்லாத ஆளை நாங்கள் எப்படிக் கூப்பிடுவது என்று இங்குள்ள மருத்துவ கவுன்சில் கையை விரித்தது. அந்த நாட்டு கவுன்சிலுக்கு எழுதிப் போட்டதில் இன்றைக்கு விசாரணை என்று பதில் வந்தது. அதுவும் போன் வழியாகவே.

போன வாரம் அவரும் மனைவியும் யோசனை கேட்கப் போனபோது வக்கீலம்மா நிதானமாக எடுத்துச் சொன்னதை மேஸ்திரி மனசில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

“வைத்தியம் நடந்த இடம்னா அது டாக்டர் இருக்கிற இடம் இல்ல மேஸ்திரி. நோயாளி உக்காந்திருக்கிற இடம். அம்மா அந்த நாட்டுல உக்காந்திருந்தா அவங்க விசாரிப்பாங்க. இங்க உக்காந்திருந்தா உங்க ஊர்லயே போய்க் கேளுங்கன்னு கதவைச் சாத்திடுவாங்க. நம்ம ஆளுங்க ஏற்கெனவே சாத்திட்டாங்க.”

அப்படியானால் டாக்டரை யாருமே கேள்வி கேட்க முடியாதா என்று மேஸ்திரி கேட்டார்.

“நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சே அவர் வைத்தியம் சொல்லியிருந்தா, அனுமதி இல்லாம இங்க வைத்தியம் பாத்தார்னு இங்கயே வழக்குப் போடலாம். ஆனா அவருக்குத்தான் தெரியாதே. நீங்கதான் தெரிய விடலையே.”

கடைசி வார்த்தையை அந்த அம்மா குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் அது எங்கேயோ போய்த் தைத்தது. எழுந்து வரும்போது, விசாரணையில் என்ன சொல்வது என்று மேஸ்திரி இழுத்தார். பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லித்தர மாட்டேன் என்று வக்கீலம்மா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சொல்லித்தரப் பெரியவன் இருந்தான். காலையிலேயே கூப்பிட்டான். அவர்களிடம் இருக்கும் பதிவில் அம்மா மகன் வீட்டில் என்றுதான் சொல்லியிருக்கிறாள், இன்றைக்கும் அதையே சொன்னால் போதும், அம்மா அந்த மாதம் என்னிடம் வந்திருந்தாள் என்று நானும் சொல்கிறேன் என்றான். குரல் நிற்காமல் ஓடியது. மாற்றிச் சொன்னால் தவறான விலாசம் கொடுத்தது தானென்று ஆகும், வேலைக்கும் ஆபத்து, அந்த நாட்டில் தங்கியிருக்கும் அனுமதிக்கும் ஆபத்து என்பதை மட்டும் கடைசியில் மெதுவாகச் சொன்னான்.

“அப்பா, அந்த டைல்ஸ் பலகையையும் பின்னால வெச்சிடுங்க. அதே மாதிரி இருக்கட்டும். வெப்பீங்கள்ல?”

வைக்கிறேன் என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்தார்.

பலகையைத் தூக்கி வந்து நிறுத்தி, மட்டம் பார்த்து, அடியில் ஆப்பு செருகினார். சாயாமல் நின்றது. பொய்க்குக்கூட மட்டம் பார்க்கிற கை. லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த சின்னவள் அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

“அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன்ப்பா. இது அண்ணன் வீட்டு ஹால் மாதிரி இல்ல. பாத்ரூம் மாதிரி இருக்கு. அந்த டாக்டர் என்ன நெனச்சிருப்பார்? இவங்க அம்மாவை பாத்ரூம்ல உக்கார வெச்சிருக்காங்கன்னு நெனச்சிருப்பார்.”

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அந்தப் பலகையை ஒட்டிய அன்று அவர் சந்தோஷமாக ஒட்டினார். வெளிநாட்டு டாக்டர் பார்க்கப்போகிறார் என்று ஓரங்களைக்கூட இழைத்துவிட்டார். டாக்டர் அதைப் பார்த்து, வீடு சுத்தமா இருக்கும்மா என்று பாராட்டியபோது போனைப் பிடித்திருந்த அவர் நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது நினைத்தால் அந்த நெஞ்சின் மேலேயே குத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மேஸ்திரியம்மா அடுப்படியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். தலைக்கு மேலே எரிந்த பல்பை இடது கண்ணால் அண்ணாந்து பார்த்தாள்.

“பல்பைச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது. தூசு படிஞ்சிருக்கு போல, தொடச்சு விடுங்க.”

மேஸ்திரி ஸ்டூலில் ஏறிப் பல்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இறங்கினார். முழங்கால் கடகடவென்றது.

“இப்ப?”

“ம். பரவால்ல.”

பெரியவன் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லியாயிற்று. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வேலை இல்லாத கைக்கு அவள் கொடுக்கிற வேலை அது.

மத்தியானம் சாப்பாடு இறங்கியதும் இறங்காததுமாகப் போன் கூவியது. மேஸ்திரி தொட்டால் அந்தத் திரை கேட்காது. சிமெண்டு தின்று தின்று மரத்துப்போன விரல். சின்னவள்தான் தொட்டுத் திறந்தாள். போனைப் பிடிக்கிற வேலை வழக்கம்போல மேஸ்திரிக்கு. ஆடாமல் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. நடுக்கட்டத்தில் நரைத்த முடியோடு ஒரு பெண்மணி. அவர்தான் தலைமை. ஒரு கட்டத்தில் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒன்றில் கிடங்கு உடுப்போடு பெரியவன். இன்னொன்றில் டாக்டர். மேஸ்திரி அவரை உற்றுப் பார்த்தார். இத்தனை மாதமாக மனசுக்குள் அவரைத் திட்டித் திட்டி ஒரு பெரிய ஆளாக வளர்த்து வைத்திருந்தார். திரையில் இருந்தது ஒரு சாதாரண மனிதர். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

இன்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கப் போகிறோம், இந்தப் புகாரை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதை மட்டும் என்று தலைமை அம்மாள் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அவர் பேசிய தமிழ் மடிப்புக் கலையாத தமிழ்.

“செய்தி வாசிக்கிறார்,” என்று சின்னவள் முணுமுணுத்தாள்.

முதலில் பழைய பேச்சுகளின் பதிவைப் போடுவதாகச் சொன்னார்கள். திரையில் எல்லா முகமும் குனிந்தது. மேஸ்திரியம்மாவின் குரல் வந்தது. அந்தக் குரலில் ஒரு குழைவு. மேஸ்திரி அதைக் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றும் அவர் காதில் அது விழவில்லை.

“வணக்கம்மா. இப்ப எங்க இருக்கீங்க?”

“மகன் வீட்டுலதாங்க.”

“நல்லது. கண்ணுல ஏதாவது பட்டுச்சா? வெளி வேலை, செடி கொடி, இலை தழை அந்த மாதிரி?”

“வேலையா? எம் மகன் ஒரு துரும்பைக்கூட நகத்த விடமாட்டான். காலையில மருமக ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உக்கார வெச்சிடுவா. நல்லா வெயில் வரும். பேத்தி மடியில வந்து ஏறிக்குவா. பாத்துக்கிட்டே இருப்பேன். அவ்வளவுதாங்க என் வேலை.”

“குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. அப்ப இது ஒவ்வாமையாத்தான் இருக்கும். பயப்படாதீங்க.”

பதிவு கரகரத்து அடுத்ததுக்குப் போனது. இரண்டாவதிலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவதில் மேஸ்திரியம்மா, கருவிழி மேலே வெள்ளையா ஒரு புள்ளி தெரியுதுங்க என்றாள். சொட்டை இன்னும் கொஞ்சம் அடிக்கடி போடுங்க, ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நேரில் எங்கேயாவது போய்க் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பேச்சு சட்டென்று முடிந்துவிட்டது. பின்னால் யாரோ காத்திருந்த மாதிரி.

டாக்டர் தன் கட்டத்தில் தலையைத் தூக்கவே இல்லை.

மேஸ்திரி பெரியவனைப் பார்த்தார். அவன் வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டிருந்தான். மகன் வீட்டில் என்று மட்டும் சொல்லச் சொன்னவன் அவன். ஜன்னலும் வெயிலும் மடியில் ஏறும் பேத்தியும் அவன் சொல்லிக் கொடுத்ததல்ல. அவை இருந்ததே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

தலைமை அம்மாள் எதையோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார்.

“இம்மூன்று உரையாடல்களின்போதும் தாங்கள் எந்த நாட்டில், எவ்விடத்தில் அமர்ந்திருந்தீர்கள்?”

மேஸ்திரியம்மா தலைப்பைச் சுற்றுவதை நிறுத்தினாள். மேஸ்திரிக்குப் போன் கனத்தது. மகன் வீட்டில் என்று அவள் சொன்னால் போதும். கதவு திறக்கும். போன கண்ணுக்கு ஒரு பதில் கிடைக்கும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

“என்னங்க,” என்றாள் அவள், போனைப் பார்க்காமல், அவரைப் பார்த்து. “போனைக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்க.”

அவர் கை அசையவில்லை. காலையில் மகனுக்குக் கொடுத்த வாக்கு அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. சின்னவள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“காட்டுங்க. நீங்கதான் அன்னைக்கும் பிடிச்சீங்க.”

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. போனைத் திருப்பினார். பலகையின் ஓரம் வந்தது. அதன் பின்னால் பூசாத செங்கல். அப்புறம் சிமெண்டு மூட்டைகள், டைல்ஸ் அறுக்கிற மெஷின், கயிற்றில் தொங்கிய துணிகள், காரை பெயர்ந்த தரை. பலகையின் முதுகையும் காட்டினார். ஆப்பையும் காட்டினார். ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப அவள் முகத்துக்கு வந்தார்.

“இங்கதாங்க உக்காந்திருந்தேன். இதே நாற்காலி,” என்றாள் மேஸ்திரியம்மா. “எம் மகன் வீட்டை நான் பாத்ததே இல்ல. புதர் வெட்டப் போன எடத்துல குச்சி அடிச்சிருச்சு. டாக்டர் கேட்டப்ப அதைச் சொல்லியிருக்கணும். மகன் வீட்டுல இருக்கிறவ எங்க போய்ப் புதர் வெட்டுவா? அதான் சொல்லல. மகன் வீட்டுலன்னு மட்டுந்தான் சொல்லச் சொன்னாங்க. மத்ததெல்லாம் நானாச் சொன்னது. சொல்லச் சொல்ல நல்லா இருந்துச்சுங்க.”

கடைசி வாக்கியத்தை எப்படி எடுத்துப்போவது என்று மொழிபெயர்ப்பாளர் தடுமாறினார் போலிருக்கிறது. அப்புறம் மெதுவாக, துண்டு துண்டாகச் சொன்னார்.

டாக்டர் முதல் முறையாக வாயைத் திறந்தார். தலைமை அம்மாள் கையை உயர்த்தித் தடுத்தார். ஆனாலும் அவர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டார். “புதர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்மா.”

“சொல்லல,” என்றாள் மேஸ்திரியம்மா. “வெள்ளப் புள்ளின்னு சொன்னேனே.”

டாக்டர் மடங்கிய காலரைத் தடவிக்கொண்டார்.

பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. நோயாளி இந்த நாட்டு எல்லைக்கு வெளியே இருந்திருக்கிறார், ஆகவே இந்தப் புகாரை எடுத்துக்கொள்ள எங்களுக்கு அதிகாரம் இல்லை, உங்கள் நாட்டில் உரிய இடத்தில் முறையிடுங்கள் என்று தலைமை அம்மாள் சொன்னார். அவர்கள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார்கள் என்று மேஸ்திரி சொன்னார். அது மொழி மாறிப் போனது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வருந்துகிறோம் என்றார். அந்த முகத்தில் வருத்தம் நிஜமாகவே இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

பெரியவனின் கட்டம் எப்போதோ கறுப்பாகிவிட்டிருந்தது.

திரை அணைந்ததும் மேஸ்திரி ஆப்பை உருவினார். பலகையைத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் முகம் சுவரைப் பார்க்கும்படி சாத்திவிட்டு வந்தார். சின்னவள் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது, அவ்வளவு பெரிய கதையை எப்பம்மா கட்டினே என்று கேட்டாள். கலவை சுமக்கிறபோதுதான் என்றாள் அம்மா.

சாயங்காலம் பெரியவன் கூப்பிட்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்து மேஸ்திரி தயாராக இருந்தார். வாக்கை மீறினோமே என்று நாக்கு கூசியது. அவன் அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. அம்மாவிடம் கொடுங்கள் என்றான். கொடுத்தார்.

“அம்மா, எங்க வீட்டுல வெயில் வராதும்மா,” என்றான். “ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவருதான். அதனாலதான் உன்னைக் கூப்பிடவே இல்ல. இன்னும் கொஞ்சம் நல்ல வீடா மாறிட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன்.”

“அதுக்கென்னடா. சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நான் பாக்காத சுவரா?”

அவன் அழுதானோ சிரித்தானோ, மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. விலாசம் பற்றி விளக்கம் கேட்பார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று சுருக்கமாகச் சொல்லி வைத்துவிட்டான். பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்ன விதம் மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. ஊர் திரும்பச் சாமான் கட்டுகிறவன் பேசுகிற மாதிரி இருந்தது.

அரைமணி ஆகியிருக்காது. மறுபடியும் போன். தெரியாத நம்பர். ஏதாவது தளம் பார்க்கச் சொல்லி காண்டிராக்டர் கூப்பிடுவதாக இருக்கும் என்று, சின்னவள் தொட்டுத் திறந்து கொடுக்க, மேஸ்திரி காதில் வைத்தார்.

“மேஸ்திரி ஐயாதானே? நான் டாக்டர் பேசுறேன். உங்க மகன்தான் நம்பர் குடுத்தார்.”

மேஸ்திரிக்கு வாயில் வந்த வசவு அப்படியே நின்றது. அந்தக் குரலில் ஓடி வந்த மூச்சு இருந்தது.

“கோபம் இருக்கும். இருக்கட்டும். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இன்னைக்கு நீங்க போனைத் திருப்பிட்டு மறுபடி அம்மா முகத்துக்கு வந்தீங்களே, அப்பப் பாத்தேன். இடது கண்ணும் சிவந்திருக்கு. அதுக்கு ஏதாவது போடுறாங்களா?”

எதுவும் போடவில்லையே என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி திரும்பினார். மேஸ்திரியம்மா பார்வையைத் தாழ்த்தினாள்.

“என்ன போடுறே?” என்றார் மேஸ்திரி.

அவள் எழுந்து போய்ச் சமையல் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். அதே சொட்டு மருந்து. புதுக் குப்பி. பழையதைக் காட்டிக் கடையில் வாங்கியிருக்கிறாள்.

“இந்தக் கண்ணும் நீர் வடிஞ்சுது. இதுவும் போயிருமோன்னு பயமா இருந்துச்சு. நல்ல மருந்துதான், குச்சிப் புண்ணுக்குத்தான் ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கல்ல. இதுல குச்சி படலையே. அதான்.”

டாக்டருக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

“எத்தனை நாளா? வேணாம், அது இப்ப வேணாம். விளக்கைப் பாத்தா சுத்தி வட்டம் தெரியுதான்னு கேளுங்க.”

மேஸ்திரி கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. காலையில் துடைத்த பல்பு தலைக்கு மேலே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“தெரியுதாம்,” என்றார்.

“சொட்டை நிறுத்திடுங்க. அதை ரொம்ப நாள் போட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். இன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நாளைக்கு இல்ல, இன்னைக்கு. குப்பியையும் எடுத்துட்டுப் போங்க. அழுத்தம் பாக்கணும்னு சொல்லுங்க. நீங்க இப்ப எங்க இருக்கீங்க? நிஜமா எங்க?”

மேஸ்திரி ஊர்ப் பேரைச் சொன்னார். தெருப் பேரைச் சொன்னார். பஸ் நிற்கும் இடத்தைச் சொன்னார். பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரி உண்டு, ஒரு வண்டி பிடித்தால் போய்விடலாம் என்றார். யாருக்கும் இவ்வளவு சரியாக அவர் இடம் சொன்னதில்லை.

“போங்க. இப்பவே.” டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சப்புறம் நான் உங்களுக்கு வைத்தியம் சொல்லவே கூடாது. இதுவே எனக்குத் தப்புதான். யாராவது கேட்டா நான் பேசினேன்னே சொல்லிடுங்க. அம்மாகிட்ட...”

என்ன சொல்ல வந்தாரோ, முடிக்காமல் வைத்துவிட்டார்.

சின்னவள் ஏற்கெனவே வண்டி பார்க்கத் தெருவுக்கு ஓடியிருந்தாள். மேஸ்திரி போனைக் காதிலிருந்து எடுத்தார். திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னி மறைந்தது. அளவைச் சொல்லிவிட்டு அப்புறம் சொல்லவே இல்லை என்று சாதித்த ஒரு காண்டிராக்டருக்குப் பயந்து, வருகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகும்படி பெரியவன் எப்போதோ செய்துவைத்திருந்தான். அவர் அதை மறந்தே போயிருந்தார்.

தெரிஞ்சே சொல்லியிருந்தா இங்கயே வழக்குப் போடலாம் என்ற வக்கீலம்மாவின் குரல் காதோரம் வந்து நின்றது.

வண்டி வந்தது. சின்னவள் முன்னால் ஏறிக்கொண்டாள். கண் போனதிலிருந்து வெளியே போனால் மேஸ்திரி மனைவியின் வலப்பக்கம்தான் வருவார். அந்தப் பக்கம் மேடு பள்ளம் அவளுக்குத் தெரியாது. இப்போதும் வலப்பக்கமே உட்கார்ந்தார். போன் கையில் இருந்தது. பைக்குள் போடத் தோன்றவில்லை. கட்டை விரலை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டிருந்தார். கடைவிளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒவ்வொன்றையும் சுற்றி அவளுக்கு வட்டம் தெரிகிறதா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“கையில என்ன வெச்சிருக்கீங்க?” என்றாள் மேஸ்திரியம்மா, நேராகப் பார்த்தபடியே.

“போன்தான்.”

“அது தெரியும். டாக்டர் பேசினதும் கேட்டுச்சு, வக்கீலம்மா சொன்னதும் ஞாபகம் இருக்கு.” அவள் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். “அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்கன்னுதான் கேக்குறேன்.”